சுக்கானைத் தராத மிஸ்டர் ஹார்ப்பர்

இந்த நாட்டில் காற்றுக்கென்று தனியாக ரேடியோவில் செய்தி வாசிக்கிறார்கள். கடலைப் பேட்டை பேட்டையாகப் பிரித்து, இன்ன இடத்தில் காற்று இன்ன திசையிலிருந்து, வேகம் நாலு, போகப்போக ஐந்து, ஆறும் ஆகலாம் என்று ரயில் நேரம் சொல்வதுபோல ஒரு கனத்த குரல் சொல்லிக்கொண்டே போகும். வந்த புதிதில் இதைக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அரியலூரில் ஆடி பிறந்தால் காற்று தன்பாட்டுக்கு வரும். சுண்ணாம்புக்கல் வண்டிகள் கிளப்பிவிட்ட வெள்ளைப் புழுதியை அள்ளி எங்கள் சோற்றுத் தட்டில் போடும், கூரையில் நாலு கீற்றைப் பிடுங்கிக்கொண்டு ஜெயங்கொண்டம் பக்கம் போய்விடும். அதற்கு யாரும் எண் போட்டுக் கௌரவித்ததில்லை. இங்கே என்னோடு வேலை செய்கிறவர்கள், சம்பந்தி வீட்டுச் சேதி கேட்கிறவர்கள்போல, டீக் கோப்பையைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்று காற்றுச் செய்தி கேட்கிறார்கள்.

நான் இருப்பது கென்ட் பகுதியில், தேம்ஸ் ஆறு அகன்று கடலாகப் போகிற இடத்துக்குச் சற்று மேலே. ஒரு சிமென்ட் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் கெமிஸ்ட் வேலை. ஊரிலும் சிமென்ட் ஆலையில்தான் இருந்தேன். ஏழு கடல் தாண்டி வந்தும் மூக்கில் ஏறுவது அதே தூள்தான். இங்கே கொஞ்சம் குளிர்ச்சியாக ஏறுகிறது, அவ்வளவுதான். எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக் குழிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கல்லுக்குள்ளே சிப்பியும் சங்கும் உறைந்து கிடக்கும். ஒரு காலத்தில் அரியலூரே கடலுக்கு அடியில் கிடந்ததாம். நான் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், அதாவது பல கோடி வருடங்களுக்கு முன்னால், கடல் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. மழைத் தண்ணீர் தேங்கிய கைவிட்ட குழி ஒன்றில்தான் நான் நீச்சல் கற்றேன். ஊர்க் கிணறுகளில் எங்கள் தெருப் பிள்ளைகளை இறங்க விடுவதில்லை.

எழுபதுகளின் கடைசியில், எனக்கு நாற்பது தாண்டியிருந்த ஒரு கோடையில், ஆலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஆலையின் படகு மன்றம் புதியவர்களுக்குப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத் தருகிறது, ஆறு சனிக்கிழமை, கடைசி நாள் ஒவ்வொருவரும் சுக்கான் பிடித்து மிதவையைச் சுற்றி வந்தால் சான்றிதழ் உண்டு. சும்மா படித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் என் பக்கத்து மேசைக்காரன் டெரிக் வந்து என் தோளில் கை வைத்து, அன்பாகத்தான், "இதெல்லாம் உங்கள் ஆட்களுக்குச் சரிப்படாது, இல்லையா டாம்?" என்றான். டாம் என்பது நான்தான். தங்கராசு என்று என் அப்பா ஆசையாக வைத்த பெயரை வந்த மூன்றாம் நாளே இப்படிக் கத்தரித்திருந்தார்கள். அந்த இடத்திலேயே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில் நான் எடுத்த பெரிய முடிவுகள் எல்லாம் இப்படிக் கோபத்தில் எடுத்தவைதான். இந்த நாட்டுக்கு வந்ததும் அப்படித்தான்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி மரகதம் மாவு பிசைந்த கையோடு திரும்பிப் பார்த்தாள்.

"திருமழபாடியில பரிசல்ல அக்கரைக்குப் போறப்ப கண்ண இறுக்க மூடிக்கிட்டு உக்காந்திருந்தது யாருங்க?"

"அது பரிசல். சுத்தும். இது படகு."

"ஆமா, படகு சுத்தாது. கவுந்துதான் போவும்."

அதோடு விட்டிருக்கலாம். அக்கா வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். என் மச்சான் அரியலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என் கடிதங்களைச் சத்தமாகப் படிக்கிற வழக்கம் உள்ளவர். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. "மாப்ள, நீங்க படகு ஓட்டுற சேதிய இங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு. ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான். சுக்கானப் புடிச்சிருக்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்." ஆக, இங்கே டெரிக், அங்கே ஒரு டீக்கடை நிறைய ஆட்கள். இரண்டு கரையிலும் என் மானம் அந்த ஒரு மரக்கட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பயிற்சி கொடுத்தவர் மிஸ்டர் ஹார்ப்பர். எங்கள் ஆலையிலேயே சூளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. வாரம் முழுவதும் வாய் திறக்காமல் இருந்து, சனிக்கிழமை மட்டும் அந்தப் படகில் நாலு வார்த்தை பேசுகிறவர் என்று பின்னால் தெரிந்தது. படகில் அவரோடு மூன்று மாணவர்கள்: ஆபீஸில் தட்டச்சு செய்கிற ஜேனட், ஒரு லாரி டிரைவர், நான். முதல் நாளே என் கோபத்துக்கு நல்ல தீனி. பாயை இழுக்கிற கயிற்றுக்கு ஷீட் என்று பெயராம். பாய்க்கு அல்ல, கயிற்றுக்கு. படகை 'அவள்' என்கிறார்கள். பாயின் அடிக்கட்டை திடீரென்று பக்கம் மாறி மண்டையில் அடிக்கிறது. அடித்தவர் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை, அடிபட்டவன் குனிந்திருக்க வேண்டுமாம். இது எனக்குப் பழக்கப்பட்ட நியாயம் என்பதால் பேசாமல் இருந்தேன்.

அரை மணி நேரம் கழித்து ஹார்ப்பர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் இவளைப் பிடிக்கிறீர்களா?" என்றார். சுக்கானைத்தான். கேட்டார் என்றுகூடச் சொல்லக் கூடாது, போகிற போக்கில் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பினார். நான் நாகரிகம் தெரிந்தவன். முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "நோ, நோ, பரவாயில்லை, ஜேனட் பிடிக்கட்டும்" என்றேன். மனிதர் "ரைட்டோ" என்று சொல்லிவிட்டு, சுக்கானை நிஜமாகவே ஜேனட்டிடம் கொடுத்துவிட்டார்! என் கை பாதி தூரம் நீண்டு அந்தரத்தில் நின்றது. அதைக் கொண்டு தலையைச் சொறிந்துகொண்டேன்.

இரண்டாவது சனிக்கிழமையும் இதே கதை. மூன்றாவதும் நாலாவதும் அதே. ஒரு தடவை கேட்பார், நான் முறைப்படி மறுப்பேன், சுக்கான் லாரி டிரைவரிடம் போகும். என்னைக் காற்று வருகிற பக்கம் உட்கார், இந்தப் பக்கம் மாறு, அந்தப் பக்கம் சாய் என்று விரட்டுவார். நாலு வாரம் நான் அந்தப் படகில் ஒரு சிமென்ட் மூட்டையாக இருந்தேன். சிமென்ட் ஆலைக்காரனுக்குப் பொருத்தம்தான். ஐந்தாவது சனிக்கிழமை ஹார்ப்பர் கேட்கவே இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு ஜேனட்டிடம் திரும்பிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து நான் ஆடிய ஆட்டத்தில் கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார். "பேருக்கு ஒரு தடவ கேக்குறது, அதையும் இன்னிக்கு நிறுத்திட்டான். எல்லாம் தோலப் பாத்துத்தான்" என்றேன். மரகதம் மறுத்துப் பேசவில்லை. மறுக்க முடியாது. போனில் குரலைக் கேட்டு அறை இருக்கிறது என்றவர்கள் முகத்தைப் பார்த்ததும் இப்போதுதான் வேறு ஆள் வந்துவிட்டார் என்றதை அவளும் என்னோடு நின்று கேட்டவள். எனக்குக் கீழே பயிற்சி பெற்ற பையன் எனக்கு மேலே போய் உட்கார்ந்ததும் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் உட்கார்ந்து மன்றத்தின் செயலாளருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். மனு எழுதுவதில் நான் கெட்டிக்காரன். பெரம்பலூர் தாலுகா ஆபீஸ் வரைக்கும் போன மனுக்கள் என் கையெழுத்தில் உண்டு. எழுத எழுத, என் கண் முன்னால் ஹார்ப்பர் இல்லை. ஒரு பிரம்பு நாற்காலிதான் இருந்தது.

உடையார்பாளையம் பக்கத்தில் ஒரு பெரிய வீடு. அவர்கள் நிலத்தில்தான் என் அப்பா கடலைக்கொடி பிடுங்கினார், முந்திரிக்கொட்டை பொறுக்கினார். நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வாங்கியதும், அதை அந்த வீட்டில் காட்ட வேண்டும் என்று அப்பா என்னைக் கூட்டிப்போனார். வழியெல்லாம் ஒரே பாடம்: "உக்காரச் சொன்னா உக்காந்துடாத. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுவாங்க." அந்த வீட்டுக்காரர் மார்க் தாளை வாங்கிப் பார்த்தார். எதிரே இருந்த நாற்காலியைத் தாடையால் காட்டி, "உக்காரேன்டா" என்றார். "பரவால்லைங்க, நிக்கிறேங்க" என்றேன். "ம்" என்றார், தாளின் பின்பக்கத்தைத் திருப்பினார். அவ்வளவுதான். கால் மணி நேரம் நானும் அப்பாவும் நின்றோம், எங்களுக்கும் அவருக்கும் நடுவில் அந்த நாற்காலி காலியாக இருந்தது.

எங்கள் தெருவில் அப்படி இல்லை. ஒரு வாய் கூழ் என்றாலும் கேட்பார்கள், வேண்டாம் என்போம், அட குடிங்க என்பார்கள், இப்பதான் ஆச்சு என்போம், மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள். இல்லாதவர்கள் மூன்று தடவை கேட்டார்கள். இருந்தவர் ஒரே ஒரு தடவை கேட்டார். எங்கள் வாயிலிருந்து 'வேண்டாம்' வரும் என்று தெரிந்து, அது வருவதற்காகவே கேட்டார். ஹார்ப்பர் கேட்டதும் அந்தக் கேள்விதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு பக்கம் போதாமல் மூன்றாம் பக்கமும் எழுதினேன். வியாழக்கிழமை செயலாளர் கையில் கொடுத்தேன்.

கடைசிச் சனிக்கிழமை மரகதமும் வந்தாள். ஒரு கையில் எலுமிச்சை சாதம், ஒரு கையில் இரவல் கேமரா. படகுத்துறையில் செயலாளர் என்னைத் தனியே அழைத்து, மிகவும் வருந்துவதாகச் சொன்னார். இன்றைய வகுப்பு முடிந்ததும் ஹார்ப்பரை நிறுத்திவைக்கப் போகிறார்கள், விசாரணை முடிகிறவரை அவர் படகுப் பக்கம் வரக்கூடாது, அவரிடமும் சொல்லியாகிவிட்டது என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றிச் சிரிப்பு ஓடியது. அதை மறைக்க முயலவில்லை. ஹார்ப்பர் துறையின் ஓரத்தில் குனிந்து, ஏற்கெனவே சரியாகச் சுருட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தார்.

ஜேனட்டும் லாரி டிரைவரும் படகில் ஏறி உட்கார்ந்தார்கள். நான் ஒரு காலைத் துறையிலும் ஒரு காலைப் படகிலும் வைத்தபோது ஹார்ப்பர் என்னை நேராகப் பார்த்தார். குரல் அடங்கியிருந்தது.

"டாம், இன்றைக்கு நீங்கள் இவளைப் பிடிக்கிறீர்களா?"

நான் சிரித்தேன். கை தானாக நெஞ்சுக்குப் போனது. "நோ, நோ, ப்ளீஸ். முதலில் ஜேனட்…"

"அட, அவருதான் கேக்குறாருல்ல!" துறையிலிருந்து மரகதம் போட்ட சத்தத்தில் நாலு நாரை பறந்தது. "நீங்க ஏன் வேணாங்குறீங்க?"

"நீ சும்மா இரு புள்ள. முறைக்குச் சொன்னேன். மறுபடி கேப்பாரு."

"முறைக்குச் சொல்றீங்கன்னு அவருக்கு யாரு சொன்னா? இது என்ன கல்யாணப் பந்தியா, இலையில கைய வச்சு மறைக்கிறதுக்கு?" திடீரென்று அவள் குரல் இறங்கியது. "ஏங்க… போன வாரமெல்லாம் இப்படித்தான் சொன்னீங்களா?"

படகு மெல்லத் துறையை விட்டு விலகியதில் என் கால்கள் இரண்டும் விரிந்துகொண்டே போயின.

"அய்யோ, அந்த லெட்டரு!" என்றாள் மரகதம்.

தண்ணீரில் விழாமல் படகில் விழுந்தேன். ஹார்ப்பருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவர் முகத்தில் ஒன்று மட்டும் தெரிந்தது: இந்த ஆள், நான் கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தரவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். "நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று நினைத்தேன்" என்றார் மெதுவாக. "நாலு தடவை வேண்டாம் என்றீர்கள். ஐந்தாவது தடவையும் எல்லார் முன்னாலும் கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று பட்டது." எழுந்து இடம் விட்டார். நான் போய் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்தேன்.

சுக்கான் பிடித்த கதை ஒன்றும் வீரகாவியம் இல்லை. இடது பக்கம் போக வலது பக்கம் தள்ள வேண்டும் என்பதை ஐந்து வாரம் பார்த்திருந்தும் கை ஏற்றுக்கொள்ளவில்லை. படகு நேராகக் காற்றின் முகத்தில் போய் முட்டி நின்றது, பாய் துணி உதறுகிற மாதிரி படபடத்தது. ஹார்ப்பர் சுக்கானைத் தொடவில்லை. காத்திருந்தார். மிதவையைச் சுற்றி வந்தேன். மரகதம் எடுத்த படத்தில் பாய் என் தலையையும் உடம்பையும் மறைத்துவிட்டது, சுக்கானும் ஒரு கறுத்த கையும் மட்டும் தெரிந்தன. "கை நீங்கதான்னு நான் சத்தியம் பண்ணிட்டேன் மாப்ள, அதயும் நம்ப மாட்டேங்குறானுவ" என்று மச்சான் பின்னால் எழுதினார்.

கரை சேர்ந்ததும் நேரே செயலாளரிடம் போனேன். எலுமிச்சை சாதத்தைக் கையில் பிடித்தபடி மரகதம் பின்னாலேயே வந்தாள், நான் வழியில் மனம் மாறிவிடுவேன் என்று அவளுக்குப் பயம். மாறியிருப்பேன்தான். மூன்று பக்கம் எழுதியவன் வாபஸ் வாங்குவதென்றால் சாதாரண விஷயமா? ஹார்ப்பரும் வாசலில் நின்றார்.

"அவர் உங்களிடம் கேட்டாரா?" என்றார் செயலாளர்.

"கேட்டார்."

"நீங்கள் வேண்டாம் என்றீர்கள்."

"சொன்னேன்."

"ஆனால் உங்களுக்கு வேண்டும்."

"வேண்டும். தப்பு என்னுடையது. அவர்மேல் ஒன்றும் இல்லை."

"ஐ ஸீ" என்றார். இந்த நாட்டில் அதற்கு ஒன்றும் விளங்கவில்லை என்று பொருள். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். விசாரணை கிடையாது, ஹார்ப்பர் வழக்கம்போல வரலாம் என்றார். வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். ஹார்ப்பர் அதைக் காதில் வாங்காமல், அலை ஏறும் நேரம் கேட்கிறவர்போல, "உங்கள் ஊரில் எத்தனை தடவை கேட்க வேண்டும்?" என்றார்.

"மூன்று."

"மூன்று" என்று தலையாட்டிக்கொண்டார்.

நிஜமான அவமானங்களை வருடக்கணக்காக ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன், அதில் இந்தப் போலியையும் போடப் பார்த்தேன் என்பதுதான் என் வெட்கம். அதற்காக மற்றவை எல்லாம் போலி ஆகிவிடாது. அறை இல்லை என்றவர்களுக்கும் டெரிக்குக்கும் நான் எந்த வாபஸும் தரவில்லை.

சில வருடம் கழித்து ஊருக்குப் போனேன். அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். போய் இறங்கின அன்றே அக்கா, "சாப்புடுறியாடா?" என்றாள். "போடு" என்றேன். கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். "என்னடா இது, பட்டுனு சொல்லிட்ட? இன்னொருக்கா கேக்கக்கூட வுடல?" அவளுக்கு உரியதை நான் பறித்துக்கொண்டதுபோல முகம் வாடிப்போனது. மறுநாள் அவள் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையை வைக்க மச்சானும் நானும் அந்தப் பெரிய வீட்டுக்குப் போனோம். பெரியவர் இல்லை, மகன் இருந்தார். "வாங்க சார், உக்காருங்க" என்றார். அவர் வாய் மூடுவதற்குள் நான் உட்கார்ந்துவிட்டேன். பிரம்பு மாறி பிளாஸ்டிக் நாற்காலி ஆகியிருந்தது. மகன் முகத்தில் ஒரு நொடி ஏதோ தடுக்கி விழுந்தது. மச்சான் நின்றுகொண்டிருந்தார்.

"உக்காருங்க மச்சான்" என்றேன். "பரவால்ல மாப்ள." மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவையும் சொன்னேன். அது என் வீடு இல்லை, எனக்கு அந்த உரிமை இல்லை, இருந்தாலும் சொன்னேன். அவர் உட்காரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, "என்னா தைரியம் மாப்ள உங்களுக்கு" என்று சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இல்லாதவனுக்கு மட்டும் இந்த 'வேண்டாம்' என்ற சொல்லை இவ்வளவு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தவன் யார் என்ற கோபம் எனக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

திரும்பி வந்த முதல் சனிக்கிழமை படகுத்துறைக்குப் போனேன். காற்று நாலு, போகப்போக ஐந்து. ஹார்ப்பர் என்னைப் பார்த்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வருடக்கணக்காக இது அவருக்குப் பூசை மாதிரி ஆகிவிட்டது.

"டாம், நீங்கள் இவளைப் பிடிக்கிறீர்களா?"

"பிடிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை. முறை என்றால் முறைதான் அவருக்கு. நான் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்திருக்கும்போதே, முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, "நீங்கள் இவளைப் பிடிக்கிறீர்களா? நீங்கள் இவளைப் பிடிக்கிறீர்களா?" என்று மீதி இரண்டையும் கேட்டு முடித்தார். எனக்குத் தேவைப்படாத அந்த இரண்டு கேள்விகளும் என்னைத் தாண்டிப் போயின. உடையார்பாளையம் பக்கத்து வீடொன்றில், காலி நாற்காலிக்கு எதிரே, கையில் மார்க் தாள் இல்லாமல் ஒரு பையனும் அவன் அப்பாவும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வரவேண்டிய கேள்விகள் அவை. பாய் காற்றில் நிரம்பியது. இடது பக்கம் போக, வலது பக்கம் தள்ளினேன்.